சீனன்குடாவின் தவிட்டுக் கணக்கு

1795இல் பிரித்தானியர் திருகோணமலையைக் கைப்பற்றியதிலிருந்து 1957இல் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைக்கும் வரை, இந்தத் துறைமுகம் முதலில் போர்க்கப்பல்களுக்கே உரியதாயிருந்தது. ஊர் பழகியது சம்பளத்துக்கும் சாமான் வழங்கும் கொந்தராத்துக்கும். திருகோணமலையாருக்கு வியாபாரத் துணிவு குறைவு என்று பேசுபவர்கள் இந்த நூற்றறுபது வருடங்களைக் கணக்கில் எடுப்பதில்லை. துணிவைக் காட்ட நிலமும் இறங்குதுறையும் அவர்கள் கையில் இருக்கவில்லை.

தளம் போனபின் வந்த தொழில்களைப் பார்த்தால் என்ன குறைந்தது என்பது இன்னும் தெளிவாகும். சிங்கப்பூரின் பிரிமா நிறுவனம் 1980இல் திருகோணமலையின் சீனன்குடாவில் மாவு ஆலையைத் திறந்தது. அன்றைய ஏற்பாட்டின்படி அரசு கோதுமையைக் கொடுத்தது; ஆலை மாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தவிட்டைக் கூலியாக வைத்துக்கொண்டது. வெளியே அற்பமாகத் தெரிந்த தவிடு, கால்நடைத் தீவனச் சந்தையில் பணம். இயந்திரத்தில் அல்ல, இந்த ஏற்பாட்டை எழுதிய ஒப்பந்தத்தில்தான் அந்த முயற்சியின் சாமர்த்தியம் இருந்தது. பட்டப்பின் வணிக வகுப்பு உருப்படியாகக் கற்பிக்கக்கூடியதும் இதைத்தான்: அரசோடு பேரம் பேசுவது, குத்தகையின் சரத்துகளை வாசிப்பது, கழிவென்று ஒதுக்குவதற்கு விலை காண்பது.

இரும்புக்கடை வியாபாரத்தில் வளர்ந்த ஏ. வை. எஸ். ஞானம், ஜப்பானின் மிட்சுயி மைனிங் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து 1982இல் டோக்கியோ சீமெந்தைத் தொடங்கி, அதன் ஆலையைத் திருகோணமலையில் நிறுவினாரே, அவருக்கு முதுமாணிப் பட்டம் தேவைப்பட்டதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பட்டம் முயற்சியாளரைப் படைப்பதில்லை. ஆனால் அவர் பல வருட வியாபாரத்தில், கொழும்பின் தொடர்புகளோடு பெற்ற அறிவு, மூதூரில் மீன் ஏற்றுமதி செய்ய நினைக்கும் இளைஞருக்குத் தானாக வாய்ப்பதில்லை. வகுப்பறை அந்த இடைவெளியைச் சுருக்கலாம். உள்ளூர் முயற்சிகள் வளராததற்கு உள்நாட்டுப் போர்தான் காரணம், படிப்பல்ல என்பது மற்றொரு வாதம். போர் மூலதனத்தை விரட்டியது உண்மை. ஆனாலும் அதே போர்க்காலத்திலும் அந்த இரு ஆலைகளும் இயங்கின. அரசோடும் வெளிநாட்டோடும் உடன்பாடு செய்யத் தெரிந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் மற்றும் வணிகக் கற்கைகள் பீடம் உண்டு. தூரத்து அமெரிக்கக் கம்பனிகளின் கதைகளுக்கு முன்னதாகச் சீனன்குடா ஒப்பந்தங்கள் அங்கே பாடமாக வேண்டும். 2022 ஜனவரியில் அங்குள்ள 99 சீனன்குடா எண்ணெய்க் குதங்கள் பங்கிடப்பட்டன: 14 லங்கா ஐஓசிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டின் கூட்டு நிறுவனத்துக்கு. மாவட்டத்து நிறுவனம் எதுவும் அதில் ஒரு தரப்பாக இருக்கவில்லை.