குடியிருக்கும் அரசு வீட்டையே வாங்கலாம்: பிரிட்டனின் ‘ரைட் டு பை’ திட்டம் ஏறி இறங்கியது ஏன்?

லண்டனில் வாடகைக்கு வீடு தேடிய அனுபவம் உங்களுக்கோ உங்கள் நண்பருக்கோ இருந்தால், ‘எக்ஸ்-கவுன்சில்’ என்ற சொல் விளம்பரங்களில் கண்ணில் பட்டிருக்கும். ஒருகாலத்தில் உள்ளாட்சி நிர்வாகம், அதாவது கவுன்சில், கட்டி குறைந்த வாடகைக்கு விட்ட வீடு அது. இன்று தனியாருக்குச் சொந்தம். வாடகையும் மார்க்கெட் ரேட்தான்.

இது எப்படி கைமாறியது? அதற்குப் பின்னால் இருப்பது, 45 ஆண்டுகளாக பிரிட்டன் அரசியலில் சூடு குறையாத ‘ரைட் டு பை’ (வாங்கும் உரிமை) திட்டம்.

நம்மூர் வீட்டு வசதி வாரிய வீடு மாதிரி இதை நினைத்துவிடாதீர்கள். வாரியம் பெரும்பாலும் விற்பதற்காகவே கட்டுகிறது. கவுன்சில் வீடு வாடகைக்கென்றே கட்டப்பட்டது. 1980 வாக்கில் இங்கிலாந்தில் பத்தில் மூன்று குடும்பங்கள் இப்படிப்பட்ட வீடுகளில்தான் வாழ்ந்தன.

விரும்பினால் வீட்டை விற்கும் அதிகாரம் கவுன்சில்களுக்கு அதற்கு முன்பே இருந்தது. மார்கரெட் தாட்சர் அரசின் 1980 வீட்டுவசதிச் சட்டம் அதைத் தலைகீழாக்கியது. மூன்று ஆண்டுகள் குடியிருந்தவர் கேட்டால் கவுன்சில் விற்றே ஆக வேண்டும். மாட்டேன் என்று சொல்ல முடியாது. அதுவும் சந்தை விலையில் 33 முதல் 50 சதவீதம் வரை தள்ளுபடியில். பின்னர் அடுக்குமாடி வீடுகளுக்கு இது 70 சதவீதம் வரை போனது.

தள்ளுபடி ஏறினால் விற்பனை ஏறும்

விற்பனை வரைபடத்தைப் புரிந்துகொள்ள தள்ளுபடியைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. 1982-83-ல் இங்கிலாந்தில் மட்டும் 1.6 லட்சத்துக்கும் அதிகமான வீடுகள் விற்றன. அந்த உச்சத்தை அதன்பின் எந்த ஆண்டும் தொடவில்லை. 1980-களின் கடைசியில் வீட்டு விலை எகிறியபோது மீண்டும் ஓர் அலை வந்தது. 1990-களின் இறுதியிலும் 2003-லும் லேபர் அரசு தள்ளுபடிக்கு உச்சவரம்பு போட்டு இறுக்கியது. கூடவே 2008 நிதி நெருக்கடியில் வங்கிக் கடனும் வறண்டது. ஆண்டு விற்பனை 3,000-க்கும் கீழே சரிந்தது.

திட்டம் தானாகவே செத்துவிடும் போல இருந்த நேரத்தில், 2012-ல் டேவிட் கேமரூன் அரசு உச்சவரம்பை 75,000 பவுண்டாக உயர்த்தியது. அடுத்த ஆண்டு லண்டனுக்கு அது ஒரு லட்சம் ஆனது. 2013-14-ல் கவுன்சில்களின் விற்பனை 11,000-ஐத் தாண்டியது.

இப்போது கதை மறுபடி மாறியிருக்கிறது. 2024 நவம்பர் 21 முதல் தள்ளுபடியின் உச்சவரம்பு, பகுதியைப் பொறுத்து 16,000 முதல் 38,000 பவுண்டு வரை மட்டுமே. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். லண்டனில் 3 லட்சம் பவுண்டு மதிப்புள்ள ஃபிளாட். பத்து ஆண்டு வாடகைதாரர். அந்தத் தேதிக்கு முன் விண்ணப்பித்திருந்தால் 1,36,400 பவுண்டு தள்ளுபடி போக 1,63,600 கட்டினால் போதும். மறுநாள் விண்ணப்பித்தால், லண்டனின் பெரும்பாலான பகுதிகளில், 2,84,000 கட்ட வேண்டும். கடைசி நாட்களில் விண்ணப்பங்கள் ஏன் குவிந்தன என்று இனி சொல்லத் தேவையில்லை.

வித்தது சரி, பணம் எங்கே போச்சு?

உண்மையான சிக்கல் இங்கேதான். இங்கிலாந்தில் இதுவரை சுமார் 20 லட்சம் வீடுகள் விற்கப்பட்டுவிட்டன. வந்த பணத்தில் புது வீடு கட்டியிருந்தால் இத்தனை சண்டை இருந்திருக்காது. 1990-லிருந்து பல ஆண்டுகள், விற்ற பணத்தில் நான்கில் மூன்று பங்கை கவுன்சில்கள் கடன் அடைக்கவே ஒதுக்க வேண்டும் என்று விதி இருந்தது. 2012-ல் “ஒன்று விற்றால் ஒன்று கட்டுவோம்” என்று வாக்குறுதி தந்தார்கள், அதுவும் நடக்கவில்லை. பாதி விலைக்கு விற்றால் அந்தக் காசில் முழு வீடு எப்படிக் கட்ட முடியும்?

வாங்கியவர்களைக் குறை சொல்ல முடியாது. வங்கிக் கடனைப் பற்றி யோசிக்கவே முடியாத தொழிலாளர் குடும்பங்களுக்கு முதன்முறையாக ஒரு சொத்து கிடைத்தது. அது சின்ன விஷயமல்ல. ஆனால் சலுகை அந்த ஒரு தலைமுறைக்குத்தான். வாங்கிய ஐந்து ஆண்டுகளுக்குள் விற்றால் தள்ளுபடியைத் திருப்பித் தர வேண்டியிருக்கலாம். அதன்பின் அந்தக் கவலை இல்லை. தோட்டம் வைத்த நல்ல வீடுகள் முதலில் போயின. கோபுர அடுக்குமாடிகள் கவுன்சில் கையில் தங்கின.

இப்படி விற்ற ஃபிளாட்களில் ஏறத்தாழ 40 சதவீதம் இன்று தனியார் வாடகைக்கு விடப்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. இதில் கசப்பான வேடிக்கை ஒன்று உண்டு. வீடில்லாதவர்களைத் தங்கவைக்க, தான் விற்ற ஃபிளாட்டையே கவுன்சில் அதிக வாடகை கொடுத்து எடுக்கிறது. இங்கிலாந்தில் தற்காலிகத் தங்குமிடங்களில் இருக்கும் குடும்பங்கள் 1.2 லட்சத்துக்கும் மேல். பழைய கவுன்சில் வீடுகளைத் திரும்ப வாங்கவே 2021-ல் லண்டன் மேயர் சாதிக் கான் தனித் திட்டம் தொடங்கினார்.

இனி?

ஸ்காட்லாந்து 2016-லும் வேல்ஸ் 2019-லும் திட்டத்தையே மூடிவிட்டன. இங்கிலாந்து மூடவில்லை, கதவை முக்கால்வாசி சாத்தியிருக்கிறது. விற்ற பணம் முழுவதையும் கவுன்சில்களே வைத்துக்கொள்ள 2024-ல் அனுமதி வந்தது. குறைந்தபட்சக் குடியிருப்புக் காலத்தை மூன்றிலிருந்து பத்து ஆண்டுகளாக்கவும், புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு 35 ஆண்டுகள் விலக்கு தரவும் 2025 ஜூலையில் அரசு முடிவை அறிவித்தது. இன்று கட்டும் வீட்டை நாளையே தள்ளுபடியில் இழக்க நேரிடும் என்ற பயத்தில்தான் பல கவுன்சில்கள் கட்டவே தயங்கின. அந்தத் தயக்கத்தைப் போக்கத்தான் இந்த 35 ஆண்டு விலக்கு.