உச்சிக்குழி வழியே தெரிந்ததும் தெரியாததும்

பச்சிளங்குழந்தை உயிரோடிருக்கும்போதே அதன் மூளைக்குள் நேர்வதைத் தெளிவாகக் காணும் திறன், ஏறத்தாழ அரை நூற்றாண்டு வரலாறே உடையது. அதற்கு முன் பிணக்கூறாய்வே முதன்மைச் சான்றாக இருந்தது. எனவே, பிழைத்த குழந்தைகளின் மூளை பெரும்பாலும் மருத்துவ அறிவின் எல்லைக்கு வெளியே நின்றது.

அந்த எல்லையை 1978இல் வெளிவந்த ஓர் ஆய்வு விரித்தது. லூ-ஆன் பபில் குழுவினர் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், 1,500 கிராமுக்குக் குறைந்த எடையுடன் பிறந்த 46 குழந்தைகளுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தனர். அவர்களில் 20 பேருக்கு மூளையில் இரத்தக்கசிவு இருந்தது. வெளிப்படையான அறிகுறி இல்லாமலே பிழைத்த குழந்தைகளிடமும் அது காணப்பட்டது. அவர்கள் வகுத்த நான்கு படிநிலைகள் இன்றும் வழக்கில் உள்ளன. அடுத்துப் பரவிய மீயொலிக் கருவிக்கு, எலும்பு மூடாத உச்சிக்குழியே சாளரமாயிற்று. கதிர்வீச்சு இல்லை, நலிந்த குழந்தையைப் படுக்கையிலிருந்து நகர்த்தவும் வேண்டியதில்லை.

பிறப்பின்போது மூளைக்கு உயிர்வளி குறைந்த குழந்தைகளின் உடலை 33.5 பாகை செல்சியசில் 72 மணிநேரம் வைத்திருக்கும் குளிர்விப்புச் சிகிச்சை பின்னர் வந்தது. 208 குழந்தைகளைக் கொண்டு நடந்து 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இறப்பு அல்லது ஊனம் 62 விழுக்காட்டிலிருந்து 44 விழுக்காடாகக் குறைந்தது. குளிர்விக்கப்பட்ட குழந்தைகளின் எம்.ஆர்.ஐ. படிமங்களில் மூளையின் ஆழ்பகுதிச் சேதம் குறைந்திருந்ததை 2010இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் காட்டினர். சிகிச்சையின் பலனும் படிமத்தின் சாட்சியமும் ஒன்றையொன்று உறுதிசெய்தன.

அந்த உறுதி தெற்காசியாவில் தளர்ந்தது. ஹீலிக்ஸ் எனும் ஆய்வு 2015 முதல் 2019 வரை இந்தியா, இலங்கை, வங்கதேசத்தின் ஏழு மருத்துவமனைகளில் 408 குழந்தைகளைச் சேர்த்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைகளும், மும்பையில் தாராவியை அடுத்துள்ள சயான் மருத்துவமனையும் அவற்றுள் அடங்கும். 2021இல் முடிவு வெளியாயிற்று. குளிர்விக்கப்பட்டோரில் 84 பேரும், வழக்கமான பராமரிப்பு பெற்றோரில் 63 பேரும் இறந்திருந்தனர். படிமங்களில் மூளையின் வெண்பொருள் சேதம் மேலோங்கியிருந்தது. பிரசவ வேளையில் திடீரென நேரும் தடையைவிட, நீண்ட நேரம் நீடித்த உயிர்வளிக் குறைவையே இது சுட்டக்கூடும் என ஆய்வாளர்கள் கருதினர். அவ்வாறாயின், குளிர்விப்புப் பலன் தரும் தொடக்க மணிநேரங்கள் பிறப்புக்கு முன்பே கடந்திருக்கலாம்.

இம்முடிவை எல்லா மருத்துவமனைகளுக்கும் பொருத்தலாமா என்ற விவாதம் தொடர்கிறது. ஆயினும் வரலாற்று மாணவர் கருத வேண்டியது ஒன்றுண்டு. ஸ்கேன் கருவி உலகெங்கும் ஒன்றே. அதன்முன் கிடத்தப்படும் குழந்தை அங்கு வந்துசேர்ந்த வழி ஒன்றல்ல. தாயின் ஊட்டம், தொற்று, பிரசவ அறையில் கழிந்த மணிநேரங்கள் ஆகியவற்றின் விளைவையும் படிமம் சுமக்கிறது. ஓரிடத்தில் மெய்ப்பிக்கப்பட்ட சிகிச்சையை இன்னோரிடத்தில் மீண்டும் சோதிப்பது வீண்வேலை அன்று என்பதற்கு, 84க்கும் 63க்கும் இடைப்பட்ட அந்த 21 உயிர்களே சான்று.