பிணையாகச் சென்ற திப்புவின் பிள்ளைகள்

 

ரமணாசிரமப் பகுதியில் வாழும் நாம் அன்றாடம் நடந்து செல்லும் செங்கம் சாலையின் திசையில்தான், இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன் பெரும்படைகள் வந்தன. 1767 செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் செங்கம் கணவாயில் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கும்பினிப் படையும், ஹைதர் அலி, ஹைதராபாத் நிஜாம் ஆகியோரின் கூட்டுப்படையும் மோதின. அம்மாத இறுதியில் திருவண்ணாமலைக்கு அருகில் மீண்டும் போர் மூண்டது. கூட்டுப்படை பின்வாங்கியது. 1768இல் நிஜாம், ஹைதர் அலியைக் கைவிட்டுக் கும்பினியாருடன் தனி உடன்படிக்கை செய்துகொண்டார்.

அந்நாளில் நம் ஊர்ப் பெரிய கோயிலின் உயர்ந்த மதில்களே கோட்டையாகப் பயன்பட்டன. அக்கோட்டை பலமுறை கைமாறியது. மூன்றாம் மைசூர்ப் போரின்போது திப்பு சுல்தானின் படையும் இதனைக் கைப்பற்றியது. வந்தது எவருடைய படையாயினும், வயலையும் கால்நடையையும் இழந்தவர்கள் ஊர்மக்களே. இதனை நாம் மறைத்தல் ஆகாது.

அந்த மூன்றாம் போரின் முடிவில், போர்க்களத்தில் வாளெடுத்தறியாத இரு சிறுவர்கள் பிணையாக ஒப்படைக்கப்பட்டனர். படைபலத்தைக் காட்டி மிரட்டிப் பெறும் உடன்படிக்கை நிலைக்குமா என்னும் கேள்விக்கு அவர்களின் வரலாறு விடை கூறுகின்றது.

சென்னை வாயிலில் ஹைதர் அலி

மிரட்டலை இரு தரப்பினருமே கையாண்டனர். 1769இல் ஹைதர் அலி சுமார் ஆறாயிரம் குதிரைவீரர்களுடன் விரைந்து சென்று பரங்கிமலையருகே திடீரெனத் தோன்றினார். கோட்டைக்குள் இருந்த கும்பினியார் அஞ்சி உடன்பட்டனர். கைப்பற்றிய இடங்களைத் திருப்பித் தருவது, ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் துணைநிற்பது என்பன அதன் நிபந்தனைகள். ஆனால் அடுத்த சில ஆண்டுகளிலேயே மராட்டியர் மைசூர் மீது படையெடுத்தபோது கும்பினியார் உதவிக்கு வரவில்லை. அச்சத்தில் இட்ட கையொப்பம், அச்சம் நீங்கியதும் மறக்கப்பட்டது. அந்த மனக்கசப்பு 1780இல் மீண்டும் போராக வெடித்தது.

சீரங்கப்பட்டணத்து முற்றுகை

1790இல் தொடங்கிய மூன்றாம் போரில் கும்பினியாருடன் நிஜாமும் மராட்டியரும் கைகோத்தனர். அண்டை நாட்டாரே அயலாருக்குத் தோள்கொடுத்ததால் திப்பு தனித்து நின்றார். 1792 பிப்ரவரி 6ஆம் நாள் இரவில் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு சீரங்கப்பட்டணத்தின் புற அரண்களைத் தாக்கிக் கைப்பற்றினார்.

திப்புவின் கையிலும் கைதிகள் இருந்தனர். 1791 நவம்பரில் கோயம்புத்தூர்க் கோட்டை சரணடைந்தபோது பிடிபட்ட சாமர்ஸ், நாஷ் என்னும் அதிகாரிகள், சரணடைந்த நிபந்தனைகளுக்கு மாறாகச் சீரங்கப்பட்டணத்தில் வைக்கப்பட்டிருந்தனர். இது திப்புவின் தரப்பில் நேர்ந்த தவறே. தோல்வி நெருங்கியபோது அவ்விருவரையும் விடுவித்து, அவர்கள் வழியாகவே சமாதானக் கடிதம் அனுப்பினார் சுல்தான்.

காரன்வாலிஸ் விதித்த நிபந்தனைகள் கடுமையானவை. நாட்டில் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டும். மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும், அதில் பாதியை உடனே தரவேண்டும். சிறைப்பட்டோர் அனைவரையும் விடுவிக்க வேண்டும். இவை நிறைவேறும்வரை சுல்தானின் புதல்வர் இருவர் பிணையாக இருக்க வேண்டும்.

பிப்ரவரி 26ஆம் நாள், ஏறத்தாழப் பத்து வயதான அப்துல் காலிக்கும் எட்டு வயதான முயிஸுத்தீனும் யானைமீதேறிக் கோட்டையைவிட்டு வெளியேறினர். பீரங்கிகள் மரியாதை முழக்கமிட்டன. வகீல் குலாம் அலி பிள்ளைகளைக் காரன்வாலிஸிடம் ஒப்படைத்து, இனி இவர்களுக்குத் தாங்களே தந்தை என்னும் பொருள்படக் கூறினார். காரன்வாலிஸ் பிள்ளைகளை அன்புடன் வரவேற்று, ஆளுக்கொரு பொற்கடிகாரம் அளித்தார். இக்காட்சியை ஆங்கில ஓவியர்கள் பலர் தீட்டி, தம் நாட்டாரின் பெருந்தன்மைக்குச் சான்றாக உலகெங்கும் காட்டினர்.

அவ்வோவியங்களில் இடம்பெறாத நிகழ்ச்சி அடுத்த மாதம் நடந்தது. இறுதி உடன்படிக்கை எழுதப்பட்டபோது, குடகு நாட்டையும் விட்டுத்தர வேண்டும் எனக் காரன்வாலிஸ் கேட்டார். தமக்கு உதவிய குடகு அரசரைக் காப்பதாக அவர் வாக்களித்திருந்தார். கும்பினி எல்லையை ஒட்டாததும், தம் தலைநகருக்கு அருகிலுள்ளதுமான நாட்டைக் கேட்பது முன்பு பேசியதற்கு மாறானது எனத் திப்பு வாதிட்டார். உடனே முற்றுகைப் பணிகள் மீண்டும் தொடங்கின. பிள்ளைகளுடன் வந்த மைசூர்க் காவலரின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. பிள்ளைகளைத் தந்தையின் நகரைவிட்டுத் தொலைவே கொண்டுசெல்ல ஆணை பிறந்தது. ‘இனி நானே தந்தை’ என்னும் நிலையை ஏற்றவரின் கையில் அப்பிள்ளைகள் மிரட்டற் கருவியாயினர்.

திப்பு பணிந்தார். மார்ச் 18ஆம் நாள் கையொப்பமானது. அவ்வுடன்படிக்கையைப் பிள்ளைகளின் கையாலேயே காரன்வாலிஸ் பெற்றுக்கொண்டார். திண்டுக்கல், மலபார், குடகு ஆகியவற்றுடன், நம் செங்கத்துக்கு அப்பாலுள்ள கிருஷ்ணகிரி, தருமபுரி அடங்கிய பாராமஹால் பகுதியும் கும்பினியார் வசமாயிற்று. பிள்ளைகள் சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இரண்டாண்டுகளுக்குப்பின், 1794 மார்ச்சில், தேவனஹள்ளியில் தந்தையிடம் திரும்பினர்.

நிலைக்காத சமாதானம்

பணம் செலுத்தப்பட்டது, வாக்கு நிறைவேறியது. ஆயினும் சமாதானம் வரவில்லை. அவமானத்தை மறவாத திப்பு, மொரீஷியஸிலிருந்த பிரெஞ்சுக்காரரின் துணையை நாடினார். 1798இல் வந்துசேர்ந்தவர்களோ நூறு பேர் அளவினரே. அதனையே காரணமாகக் காட்டி வெல்லெஸ்லி பிரபு போர் தொடுத்தார். 1799 மே 4ஆம் நாள் திப்பு சுல்தான் களத்திலேயே ஷஹீதானார். ஏழாண்டு இடைவெளியே அந்த உடன்படிக்கையின் ஆயுள்.

சுல்தானின் பிள்ளைகள் நமக்கு அருகிலுள்ள வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டனர். 1806 ஜூலை 10ஆம் நாள் அங்கு சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபின், அக்குடும்பத்தார் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். நவாபுக்குத் துணையாக வந்தோம் என்று கூறிய கும்பினியார், 1801இலேயே ஆற்காட்டு ஆட்சியையும் தம் கையில் எடுத்துக்கொண்டனர். அழைத்தவருக்கும் எதிர்த்தவருக்கும் ஒரே முடிவுதான் நேர்ந்தது.

நாம் கொள்ளவேண்டிய பாடம்

அண்மைக்கால உலகிலும் இதனைக் கண்டோம். 1979 நவம்பரில் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தார் சிறைபிடிக்கப்பட்டனர். தூதர்களைத் தடுத்துவைப்பதை நபி (ஸல்) அவர்கள் ஒப்பியதில்லை. 1980 ஏப்ரலில் அமெரிக்கா மேற்கொண்ட படைநடவடிக்கை எட்டு வீரர்களைப் பலிகொண்டு தோல்வியுற்றது. 52 பேரையும் 444 நாட்களுக்குப்பின் மீட்டுத்தந்தது அல்ஜீரியாவின் நடுநிலைப் பேச்சுவார்த்தையே.

இஸ்லாமிய வரலாற்றில் இதற்கு ஒளிமிக்க முன்மாதிரிகள் உள்ளன. ஹுதைபியாவில், தூதராகச் சென்ற உஸ்மான் (ரலி) அவர்கள் கொல்லப்பட்டதாகச் செய்தி பரவியபோது தோழர்கள் உயிரையும் தர உறுதிமொழி அளித்தனர். அவர் உயிருடன் இருப்பது தெரிந்ததும், அந்த ஆவேசத்தைக் காட்டி அதிகம் கேட்காமல், தமக்குப் பாதகமாகத் தோன்றிய உடன்படிக்கையையும் நபியவர்கள் ஏற்றார்கள். முஆவியா (ரலி) அவர்கள் காலத்தில் ரோமரின் பிணையாளர்கள் பஅல்பக் நகரில் இருந்தனர். ரோமர் வாக்கு மீறியபோதும் அப்பிணையாளர்களைக் கொல்லாமல் விடுவித்தனர் முஸ்லிம்கள். துரோகத்துக்கு வாக்குறுதி காத்தலே சிறந்த மறுமொழி என அவர்கள் கருதியதாக வரலாற்றாசிரியர் பலாதுரி குறிக்கின்றார்.

பிணையாளர் என்போர் கருவியல்லர், அமானிதம். ஒருவர் செய்த குற்றத்தின் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்பது நம் மார்க்கம். பீரங்கியைக் காட்டிக் கையொப்பம் வாங்கலாம். நம்பிக்கையை வாங்க இயலாது. நாடுகளுக்கு மட்டுமன்றி, குடும்பப் பிணக்கில் பிள்ளைகளை நடுவில் நிறுத்தி வாதிடும் நமக்கும் இது பொருந்தும். ஜமாஅத்தின் முன் வரும் வழக்குகளிலேனும் இதனை நினைவிற் கொள்வோமாக.

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் வாக்குறுதி காப்போராகவும், அமானிதம் பேணுவோராகவும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.