1926, 1949, 1968: சர்வதேச ஓட்டுநர் அனுமதியின் கதை

வெளிநாடு போய் கார் வாடகைக்கு எடுத்து ஓட்டணும்னு நினைக்கிறவங்களுக்கு எல்லாரும் சொல்ற ஒரு யோசனை, "கிளம்பறதுக்கு முன்னாடி ஐ.டி.பி. வாங்கிடுங்க" என்பது. அதாவது சர்வதேச ஓட்டுநர் அனுமதி. பெயரைக் கேட்டால் உலகம் முழுக்கச் செல்லும் ஒரு லைசென்ஸ் போலத் தோன்றும். ஆனால் ஜப்பானில் வாடகைக் கார் கவுன்டரில் இந்தச் சிறு புத்தகத்தை நீட்டினால், அதில் எந்த ஆண்டு அச்சாகியிருக்கிறது என்று பார்ப்பார்கள். 1949 என்று இருந்தால் சாவி கிடைக்கும். 1968 என்று இருந்தால் கிடைக்காது. ஏன் இப்படி? இன்றைய பகுதியில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஐ.டி.பி. தனி லைசென்ஸ் இல்லைங்க. நம்ம ஊர் லைசென்ஸில் இருக்கும் விவரங்களைப் பல மொழிகளில் சொல்லும் ஒரு மொழிபெயர்ப்பு, அவ்வளவுதான். அதை மற்ற நாடுகள் ஏற்கிறதுக்குக் காரணம், நாடுகளுக்கு இடையே இருக்கும் ஓர் ஒப்பந்தம்.

அந்தக் கதை 1909-இல் பாரிஸில் தொடங்குகிறது. ஐரோப்பாவில் மோட்டார் கார்கள் எல்லை தாண்டத் தொடங்கிய காலம் அது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சட்டம். அந்த ஆண்டு அக்டோபரில் பல நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. எல்லை தாண்டும் பயணத்துக்கு ஒரு சான்றிதழ், வண்டியின் பின்னால் நாட்டைக் குறிக்கும் எழுத்து, எல்லோருக்கும் பொதுவான நான்கு எச்சரிக்கைப் பலகைகள்: மேடுபள்ளம், வளைவு, சாலைச் சந்திப்பு, ரயில்வே கேட். 1926-இல் மறுபடியும் பாரிஸில் கூடியபோது, வண்டிக்கு ஒரு சான்றிதழ், ஓட்டுநருக்கு ஓர் அனுமதி என்று தனித்தனியாக வகுத்தார்கள். நாம் இன்று ஐ.டி.பி. என்று சொல்வது இந்த வடிவத்தின் வாரிசுதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஐ.நா. சபையின் ஏற்பாட்டில் 1949 செப்டம்பர் 19 அன்று ஜெனீவாவில் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. சாம்பல் நிற அட்டை, வெள்ளைப் பக்கங்கள், கடைசிப் பக்கம் பிரெஞ்சு மொழியில், ஓராண்டு செல்லுபடி என்பதெல்லாம் இதில் வந்த விதிகள். 1968-இல் வியன்னாவில் இன்னொரு ஒப்பந்தம் வந்தது. அதன்படி கொடுக்கப்படும் அனுமதி அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் வரை செல்லும்.

இங்கேதான் சிக்கல். புதிய ஒப்பந்தம் வந்துவிட்டால் பழையது தானாகச் செத்துப்போகாது. இரண்டு நாடுகளும் புதியதில் சேர்ந்திருந்தால்தான் அவற்றுக்கிடையே புதியது பேசும். ஒரு நாடு பழையதிலேயே நின்றுவிட்டால், அந்த நாட்டுக்குப் பழையதுதான் கணக்கு. ஜப்பான் 1964-இல், டோக்கியோ ஒலிம்பிக் நடந்த அதே ஆண்டில், ஜெனீவா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. வியன்னாவில் சேரவே இல்லை. ஜெர்மனியோ 1949-இல் சேராமல் 1968-இல் சேர்ந்த நாடு. அதனால் ஜெர்மனிக்காரர் ஒருவர் தன் நாட்டு ஐ.டி.பி.யோடு டோக்கியோ போனால் பயனில்லை. அவருடைய லைசென்ஸுக்கு அங்கீகரிக்கப்பட்ட ஜப்பானிய மொழிபெயர்ப்பு வாங்கிக்கொண்டுதான் ஓட்ட முடியும். சீனப் பெருநிலத்திலோ எந்த ஐ.டி.பி.யும் செல்லாது.

பிரிட்டன் கதை இன்னும் சுவாரசியம். வியன்னா ஒப்பந்தத்தில் 1968-இலேயே கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் அதை உறுதிப்படுத்தியது 2018 மார்ச்சில்! ஐம்பது வருஷம் கிடப்பில் கிடந்த காகிதத்தைத் தூசி தட்ட வைத்தது பிரெக்ஸிட். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வந்தால், தங்கள் மக்கள் ஐரோப்பாவில் எந்தச் சட்டத்தின் கீழ் வண்டி ஓட்டுவார்கள் என்ற கேள்வி அப்போதுதான் உறைத்தது.

சரி, நம்ம கதைக்கு வருவோம். இந்தியா தருவது 1949 ஒப்பந்தப்படியான அனுமதி. 2022 ஆகஸ்டில் மத்திய அரசு அதன் வடிவத்தை நாடு முழுக்க ஒரே மாதிரியாக்கியது. லைசென்ஸோடு இணைக்கும் க்யூ.ஆர். குறியீடும் அப்போது சேர்ந்தது. ஆர்.டி.ஓ. மூலமாக இது கிடைக்கும். "உடனே ஐ.டி.பி." என்று இணையத்தில் விற்கும் தனியார் அட்டைகளுக்குப் பின்னால் எந்த ஒப்பந்தமும் கிடையாது.

கடைசியா ரெண்டு விஷயம். ஒன்று, அசல் லைசென்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீங்க. மூலம் இல்லாத மொழிபெயர்ப்பை யாரும் மதிக்க மாட்டாங்க. இரண்டு, புத்தகத்தில் எந்தப் பிரிவில் முத்திரை இருக்குன்னு பாருங்க. பி பிரிவு கார், ஏ பிரிவு மோட்டார் சைக்கிள். கார் லைசென்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு தாய்லாந்தில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கிறவங்க நிறைய. கடைக்காரர் எதுவும் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிடலாம். ஆனால் விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் கேட்பது அந்த முத்திரையைத்தான். ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் நம் தலையில் விழும்.

டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி, போகும் நாடு எந்த ஒப்பந்தத்தில் இருக்குன்னு ஐந்து நிமிஷம் தேடிப் பாருங்க. அடுத்த பகுதியில் சந்திப்போம்.