சகலமானவர்களுக்கும்

"இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்..."

பட்டணத்துல இருந்து படிக்கறவங்களுக்கு இது பழைய சினிமாவுல கேட்ட வசனமா இருக்கும். எங்க பக்கம் ரொம்ப நாளைக்கு இதுதான் அரசாங்கத்தோட குரல். முச்சந்தியில தமுக்குச் சத்தம் கேட்கும், அப்புறம் இந்த வாக்கியம், அதுக்கப்புறம் சேதி. வரி கட்டக் கடைசி நாள், ஏரி மீன் ஏலம், மாட்டுக்குக் கோமாரி ஊசி போட டாக்டர் வர்ற நாள், எல்லாமே இப்படித்தான் வீடு வந்து சேர்ந்துச்சு. இந்தச் சேதியை யார் அனுப்பினாங்க, யார் சுமந்துட்டு வந்தாங்க, அந்த 'சகலமானவர்'ல யார் யார் அடங்குவாங்கன்னு கொஞ்சம் பார்ப்போம்.

தருமபுரிக்குப் பழைய பேர் தகடூர். அதியமான் ஊர். அந்தத் தகடூரை அழிச்ச சேர மன்னனைத் 'தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை'ன்னே சொல்றாங்க. அவனைப் பத்தி புறநானூற்றுல ஒரு சம்பவம் இருக்கு. மோசிகீரனார்ங்கற புலவர் நடந்து வந்த அசதியில, முரசு வைக்கிற கட்டில்னு தெரியாம அதுல படுத்துத் தூங்கிட்டாரு. முரசு கட்டிலைத் தொட்டா அந்தக் காலத்துல தலை போயிடும். ஆனா ராஜா வாளை எடுக்காம, விசிறியை எடுத்துப் புலவருக்கு வீசினானாம். முரசுக்கு அவ்வளவு மரியாதை இருந்த காலம் அது. மணிமேகலையிலயும் இந்திர விழா சேதியை முரசை யானை மேல ஏற்றித்தான் ஊருக்குச் சொல்றாங்க.

யானை மேல போன சேதி, கால் நடையா முச்சந்திக்கு எப்ப வந்துச்சு? நாள் குறிச்சுச் சொல்ல முடியாது. ஆனா எங்க ஜில்லாவுல அரசாங்கச் சேதி ஒவ்வொரு விவசாயி வாசலையும் தேட ஆரம்பிச்ச காலத்தைச் சொல்லலாம். 1792-ல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில பாராமகாலை கம்பெனிக்கு விட்டுக் கொடுத்தாரு. இன்னைக்கு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள்ல இருக்கிற பல ஊர்கள் அந்தப் பாராமகால்ல இருந்தவை. கேப்டன் அலெக்ஸாண்டர் ரீட் இதுக்கு மேலதிகாரியா வந்தாரு. அவருக்குக் கீழே இருந்த உதவியாளர்கள்ல ஒருத்தர் தாமஸ் மன்றோ. 1799 வரைக்கும் இந்தப் பக்கம்தான் இருந்தாரு, தருமபுரியில குடியிருந்தாரு. பின்னாடி மெட்ராஸ் கவர்னர் ஆன அதே மன்றோதான்.

இங்கே உருவானதுதான் ரயத்துவாரி முறை. ஊருக்கு மொத்தமா இவ்வளவுன்னு குத்தகைக்காரர்கிட்ட வாங்கறதை விட்டுட்டு, நிலத்தை அளந்து ஒவ்வொரு விவசாயிக்கும் தனித்தனியா வரி போட்டாங்க. இதுல ஒரு விஷயம் கவனிக்கணும். வரி ஊருக்குப் பொதுவா இருந்தப்ப நாலு பெரிய மனுஷங்களுக்குச் சேதி தெரிஞ்சா போதும். ஆளுக்கு ஆள் வரின்னா, கிஸ்தி எப்ப, ஜமாபந்தி எப்ப, பாக்கிக்கு ஜப்தி எப்பன்னு ஒவ்வொருத்தன் காதுலயும் விழணும். 'எனக்குத் தெரியாது'ன்னு யாரும் சொல்லிடக் கூடாது. தமுக்கு இல்லாம இந்த நிர்வாகம் ஓடியிருக்காது.

அன்னைக்கு ஊர் அதிகாரம் மணியக்காரர், கர்ணம் ரெண்டு பேர் கையில. மணியக்காரர் வசூல் பண்ணுவாரு, கர்ணம் கணக்கு எழுதுவாரு. அடங்கல், சிட்டா எல்லாம் அவர் வீட்டுப் பெட்டியில இருக்கும். அவங்களுக்குக் கீழே தலையாரி, வெட்டியான், தோட்டி. எழுத்து மேல இருக்கிறவங்களோட, சத்தம் கீழே இருக்கிறவங்களோட. தமுக்கு அடிக்கறதைப் பெரும்பாலும் சேரி ஆளுங்க வேலைன்னு ஊர் ஒதுக்கி வச்சிருந்துச்சு. 'சகலமானவர்களுக்கும்'னு தொண்டை கிழியக் கத்தின மனுஷன், அதே தெருவுல டீக்கடை பெஞ்சுல உட்கார முடியாது. அவர் சொன்ன ஏலத்துல அவரே கேட்க முடியாது. ஊருக்கெல்லாம் சேதி சொன்னவருக்கு அந்த ஊர்ப் பேச்சுல இடம் இல்ல.

இந்தப் பதவிகள் அப்பனுக்குப் பிறகு மகன்னு பரம்பரையா வந்தவை. இதுக்குன்னு 1895-ல் மெட்ராஸ் சர்க்கார் ஒரு சட்டமே போட்டிருந்துச்சு. பிறப்பைப் பார்த்து வேலை கொடுக்கிறது அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு 1960 டிசம்பர்ல ஆந்திரா வழக்கு ஒண்ணுல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதுக்கப்புறமும் பழைய குடும்பங்களோட பிடி உடனே விடலை. 1980 நவம்பர்ல எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு, பகுதி நேர கிராம அதிகாரி பதவிகளை ஒரேயடியா ஒழிச்சது. அவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 1982-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும்னு தீர்ப்பு சொல்லுச்சு. அப்படி வந்தவர்தான் இன்னைக்கு நாம வி.ஏ.ஓ.ன்னு கூப்பிடற கிராம நிர்வாக அலுவலர். தேர்வு எழுதி, எந்த ஜாதியில பிறந்தவரும் அந்த நாற்காலியில உட்கார வழி வந்துச்சு. கணக்குப் பெட்டி பரம்பரை வீட்டுல இருந்து ஆபீசுக்கு வந்தது சின்ன விஷயம் இல்லைங்க.

ஆனா தமுக்கு மட்டும் அப்படியே தொடர்ந்துச்சு. 2022 ஆகஸ்ட்லதான் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லாக் கலெக்டர்களுக்கும் கடிதம் எழுதினாரு. அறிவியல் வளர்ந்த காலத்துல தண்டோரா தேவையில்ல, வண்டியில ஒலிபெருக்கி கட்டிச் சொன்னா போதும், மீறினா நடவடிக்கைன்னு. நல்ல முடிவு. தமுக்கு நின்னதுல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. கிராமத்து அழகு போச்சுன்னு யாராவது எழுதினா, அந்தத் தமுக்கைச் சுமந்தவர் வீட்டுல போய்க் கேட்டுட்டு எழுதச் சொல்வேன்.

என் கவலை வேற. தமுக்கு எடுத்த இடத்துல நாம என்ன வச்சோம்?

1994-ல் வந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் சேதியோட திசையைத் திருப்புச்சு. அதுவரை மேலே இருந்து கீழே உத்தரவு வரும், நாம கேட்டுக்குவோம். கிராம சபை வந்தப்புறம், வரவு செலவை ஊராட்சி நம்ம முன்னாடி வைக்கணும், நாம கேள்வி கேட்கலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நாலு நாள் கூடினது, 2022-ல் மார்ச் 22, நவம்பர் 1 சேர்ந்து ஆறு நாளாச்சு. தருமபுரி மாவட்டத்துல 251 ஊராட்சி இருக்கு. அத்தனையிலும் இது நடக்கணும். ஆனா கூட்டம் எத்தனை மணிக்கு, எந்த இடத்துலன்னு தெரிஞ்சாதானே போக முடியும்?

இப்ப சேதி வாட்ஸ்அப் குரூப்புல வருது. ஒகேனக்கல் தண்ணி ரெண்டு நாள் வராது, ரேஷன்ல பருப்பு வந்திருக்கு, கிராம சபை நாளைக்குப் பத்து மணிக்கு, எல்லாம் அதுல. என் போன்ல உடனே தெரியுது. நூறு நாள் வேலைக்குப் போற வயசான பொம்பளைங்க பல பேர்கிட்ட பட்டன் போன்தான். மேட்டுக்காட்டுல ஆடு மேய்க்கிறவருக்கு டவரே கிடைக்காது. பிள்ளைங்க பெங்களூர்ல, திருப்பூர்ல. சேதியைப் படிக்கற பிள்ளை ஊர்ல இல்ல, ஊர்ல இருக்கிற அம்மாவுக்குச் சேதி இல்ல. தமுக்குச் சத்தம் காலனி வரைக்கும் கேட்டுச்சு, ஆனா காலனியைப் பேச விடலை. இப்ப பேச உரிமை இருக்கு, சத்தம் கேட்கலை.

அதுலயும் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோட எங்க மாவட்டத்துல ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் முடிஞ்சு, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போச்சு. 2016-ல் இருந்து 2019 கடைசி வரைக்கும் இப்படித்தான் கிடந்துச்சு. தலைவர் இருந்தா தெருவுல மடக்கி, 'ஏம்ப்பா தண்ணி வரலை'ன்னு கேட்கலாம். தனி அலுவலர் ஒன்றிய ஆபீஸ்ல இருப்பாரு. இப்படிப்பட்ட காலத்துல கிராம சபை சேதி ஒவ்வொரு வாசலுக்கும் போறது இன்னும் முக்கியம்.

படிக்கற நீங்க ஊரை விட்டு வந்தவங்களா இருந்தா ஒண்ணு செய்யுங்க. அடுத்த கிராம சபைக்கு ரெண்டு நாள் முன்னாடி அம்மாவுக்கோ பெரியம்மாவுக்கோ ஒரு போன் போட்டு, எத்தனை மணிக்கு, எங்கேன்னு கேளுங்க. தெரியலைன்னு சொன்னா, அடுத்த போனை ஊராட்சி செயலருக்குப் போடுங்க. வண்டியில மைக் கட்டித் தெருத்தெருவா, காலனிக்குள்ளயும் போய்ச் சொல்லச் சொல்லுங்க.