பச்சை ஜன்னல்

சுவருக்கு வெள்ளையடிப்பது சுண்ணாம்பின் காரியம். அது நமக்குப் பாட்டன் பூட்டன் காலத்துச் சொத்து. ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதோ எண்ணெயின் காரியம். கண்ணைப் பறிக்கும் பச்சையாக இன்று நாம் காணும் அந்த வர்ணம் கப்பலேறி வந்து, பிறகு ரயிலேறி நம் ஊர்களுக்குள் நுழைந்தது. வந்த விருந்தாளி தன்னோடு எதைக் கொண்டுவந்தான் என்று நாம் விசாரிக்கவில்லை. அந்த விசாரணைதான் இந்தக் கட்டுரை.

கம்பம் பள்ளத்தாக்கின் பழைய வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முல்லைப் பெரியாற்றின் நினைவு வராமல் போவதில்லை. 1886-இல் திருவிதாங்கூருடன் ஒப்பந்தம் ஆயிற்று. மறு வருஷம் வேலை தொடங்கியது. பென்னிகுயிக் முன்னின்று கட்டிய அணை 1895-இல் திறக்கப்பட்டது. மேற்கே ஓடிக்கொண்டிருந்த நீர், மலையைக் குடைந்த வழியாகக் கிழக்கே திரும்பியது. வயலில் நெல் விளைந்தால் வீட்டில் மரம் ஏறும் என்பது கிராமத்துக் கணக்கு. நிலை, உத்தரம், ஜன்னல், கதவு என்று ஆசாரிகளுக்குக் கை ஓயாத வேலை. 1928-இல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரை ரயிலும் வந்தது. பட்டணத்துச் சரக்கு மலையடிவாரம் வந்து சேர வழி எளிதாயிற்று.

அந்தச் சரக்குகளில் ஒன்று டப்பா வர்ணம். 1902-இலேயே கல்கத்தாவுக்கு அருகே ஹௌராவில் ஷாலிமார் வர்ணத் தொழிற்சாலை ஏற்பட்டுவிட்டது. 1942-இல் பம்பாயில் ஏஷியன் பெயிண்ட்ஸ் பிறந்தது. 1954-இல் ஆர். கே. லக்ஷ்மண் அதற்காக வரைந்த, கையில் தூரிகையும் டப்பாவும் ஏந்திய குறும்புக்காரச் சிறுவனை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

டப்பாவுக்குள் என்ன இருந்தது? வெகு காலம் உலகமெங்கும் எண்ணெய் வர்ணத்தின் உயிர் ஈயம்தான். ரசம் வைக்கிற ஈயச் சொம்பின் வெள்ளீயம் அல்ல, இது காரீயம். வெள்ளை வர்ணத்துக்கு ஈயத்தின் வெள்ளைப் பொடி. மஞ்சளுக்கு ஈயமும் குரோமியமும் சேர்ந்த பொடி. அந்த மஞ்சளோடு நீலத்தைக் கலந்தால் நம் தெருவெல்லாம் காணும் பச்சை. ஈயம் சேர்ந்த வர்ணம் மரத்தை இறுகப் பற்றும். வெயிலையும் மழையையும் தாங்கும். அதனால்தான் அதைக் கைவிட யாருக்கும் மனம் வரவில்லை.

ஆனால் அதன் குற்றம் தெரியாமல் இருந்ததா என்றால், இல்லை. 1904-இல் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்து வைத்தியரான லாக்ஹார்ட் கிப்ஸன், குழந்தைகளைப் பீடித்த ஈய நஞ்சுக்குக் காரணம் வீட்டுத் தாழ்வாரக் கிராதிகளில் பூசிய வர்ணமே என்று எழுதினார். வெயிலில் வர்ணம் பொடியாகிறது. குழந்தை கிராதியைப் பிடிக்கிறது. கையை வாயில் வைக்கிறது. அவ்வளவுதான் விஷயம். 1921-இல் ஜினீவாவின் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம், கட்டடங்களின் உட்புறத்தில் வெள்ளை ஈயம் பூசுவதைத் தடுக்க ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. நம் நாட்டிலோ, வீட்டு வர்ணத்தில் ஈயம் பத்து லட்சம் பங்குக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வெளியாகி, 2017 நவம்பர் முதல் தேதி அமலுக்கு வந்தது. பிரிஸ்பேன் வைத்தியரின் எழுத்துக்கும் நம் விதிக்கும் இடையே நூற்றுப் பதின்மூன்று வருஷம்!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வெள்ளை ஈயத்துக்கு மாற்றாக வந்தது டைட்டானியம் வெள்ளை. அதற்கு வேண்டிய தாது கிடைப்பது, நமக்குத் தண்ணீர் தந்த அதே பழைய திருவிதாங்கூரின் கடற்கரை மணலில். அதை வைத்து வெள்ளை தயாரிக்கத் திருவனந்தபுரத்தில் 1946-இலேயே ஓர் ஆலை நிறுவப்பட்டது. மருந்து மலைக்கு அப்பால்தான் இருந்தது, நோயாளி கேட்கவில்லை.

புது டப்பாவுக்கு விதி வந்துவிட்டது. பழைய ஜன்னலுக்கு எந்த விதியும் இல்லை. ஐந்தாறு பூச்சு ஏறிய ஜன்னல்களை இந்தப் பள்ளத்தாக்கில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மேலே நீலம், கீழே பச்சை, அதற்கும் கீழே இன்னொரு பச்சை. பொங்கல் நெருங்கியதும் உப்புத்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, உலர்ந்த மரத்தைத் தேய்த்துத் தள்ளுவது நம் வழக்கம். “சுரண்டாம அடிச்சா ஒட்டாதுங்கய்யா” என்றார் வர்ணம் பூசும் ஒருவர். அவர் சொல்வது நியாயம். ஆனால் அந்தப் பச்சைத் தூள் அவர் மூச்சிலும், திண்ணையில் விளையாடும் பிள்ளையின் கையிலும் போய்ச் சேருகிறதே! குழந்தையின் மூளையைத் தொடும் ஈயத்தில் இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் இல்லை.

வழி கடினமானதல்ல. பழைய வர்ணம் கெட்டியாக இருந்தால் மரம் தெரியும்வரை சுரண்டவே வேண்டாம். தண்ணீரில் நனைத்த தாளால் மேலாகத் தேய்த்து, துடைத்து, உலரவிட்டுப் பூசலாம். உரிந்த இடத்தையும் ஈரமாக்கியே சுரண்ட வேண்டும். நெருப்புக் காட்டி உரிப்பது கூடவே கூடாது. கீழே சாக்கு விரித்து, விழுந்ததைப் பொட்டலம் கட்டிவிட வேண்டும்; கோழி மேயும் கொல்லையில் கொட்டக் கூடாது. வேலை முடியும்வரை பிள்ளைகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் வேறு வீட்டில் இருக்கட்டும்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். உள்பக்கத்தை மார்கழியில் முடிக்கலாம். வெளிப்பக்கம் மார்கழிப் பனியில் நனைந்த மரம்; அதன்மேல் பூசினால் கொப்புளம் கிளம்பும். மாசி பங்குனி வெயிலில் மரம் காய்ந்த பிறகு, ஆடிச் சாரலுக்கு முன்னால் பூசுவதே உத்தமம். பொங்கலுக்கு முன் தெருவுக்குத் தெரிகிற பக்கம் மின்ன வேண்டும் என்ற ஆசையை இரண்டு மாதம் ஒத்திப்போட்டால் போதும்.

நம் முன்னோர் ஜன்னலுக்குப் பச்சை பூசியது வீடு நீடித்து நிற்க வேண்டும் என்றுதான். வீட்டில் இருக்கிறவர்களும் நீடித்து இருக்க வேண்டும் என்பதை அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வது நம் பொறுப்பு.