பாலமும் பந்தியும்

பொதிகையின் உச்சியிலே தோன்றி, பாறைதோறும் மோதி வீழ்ந்து, பாபநாசத்திலே சமவெளி தொட்டு, நெல்லையைத் தழுவிச் சென்று, புன்னைக்காயலிலே கடலிற் கலக்கிறது தாமிரபரணி. பொருநை என்பது அதன் பழம்பெயர். நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர்தான். எனினும், தமிழ் மண்ணிலேயே பிறந்து, தமிழ் மண்ணிலேயே நடந்து, தமிழகக் கரையிலேயே கடலை எய்தும் ஆறு அது. அண்டை மாநிலத்தின் வாயிலில் நின்று தண்ணீருக்குக் கையேந்த வைக்காத ஆறு. கார், பிசானம் என இருபோகம் விளைவிக்கும் ஆறு. அந்த ஆற்றின் கரையிலே அமைந்த ஊருக்கு நெல்வேலி என்று பெயர் வைத்தனர் முன்னோர். காய வைத்த நெல்லை மழை நனைக்காதபடி இறைவன் வேலியிட்டுக் காத்தான் என்பது தலபுராணம். உழவன் வரப்பிட்டான், வாய்க்கால் வெட்டினான், அணை கட்டினான், நெல் விளைந்தது என்பது கண் காணும் உண்மை. புராணத்தைச் சொல்ல ஆயிரம் பேர் உளர். உண்மையைச் சொல்லத்தான் ஆள் குறைவு.

நெல்லையைக் காண வெளியூரார் வருகின்றனர். வந்தவர்களுக்கு வழக்கமாகக் காட்டப்படுபவை எவை? நெல்லையப்பர் கோயில், கிருட்டிணாபுரத்துச் சிற்பங்கள், பாபநாசத்து அருவி, கையோடு எடுத்துச் செல்ல ஒரு பொட்டலம் அல்வா! குறை கூறவில்லை; இவையெல்லாம் காணத்தக்கவை, சுவைக்கத்தக்கவை. ஆனால், ஒரு நகரின் பெருமை இவ்வளவுதானா? மன்னன் கட்டியதும் மதம் வளர்த்ததும் மட்டுமா வரலாறு? மனிதனை மனிதன் மதித்த இடங்கள், மதிக்க மறுத்த இடங்கள் — அவற்றையும் காட்டினாலன்றோ, வந்தவர் நெல்லையைக் கண்டவராவார்!

தொன்மையிலிருந்தே தொடங்குவோம். ஆற்றின் கீழ்க்கரையில் ஆதிச்சநல்லூர் என்றொரு பறம்பு. 1876 ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் யாகோர் அங்கே அகழ்ந்து, கிடைத்தவற்றைப் பெர்லினுக்கு எடுத்துச் சென்றார். பின்னர், 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி அலெக்சாந்தர் இரீயா என்பவர் பல்லாண்டு தோண்டினார். தாழி தாழியாக வெளிவந்தது தமிழன் வாழ்வு! இரும்புக் கருவிகள், வெண்கலக் கலங்கள், நெற்றியில் அணியும் பொற்பட்டங்கள்! அதற்கு அருகே சிவகளையில், ஈமத்தாழி ஒன்றினுள் இருந்த நெல்லின் உமியை ஆய்ந்து, அது கி.மு. 1155 ஆம் ஆண்டைச் சார்ந்தது என்று 2021 இல் அறிவித்தனர். அதே சிவகளை இரும்பின் காலம் கி.மு. நாலாயிரத்தாண்டின் பிற்பகுதி வரை செல்கிறது என்று 2025 சனவரியில் தமிழக அரசின் தொல்லியல் துறை அறிக்கை வெளியிட்டது. ஆற்றின் முகத்துவாரத்தை அடுத்து, பாண்டியரின் துறைமுகமாம் கொற்கை. அதன் முத்தைக் கிரேக்கரும் அறிந்திருந்தனர். தாலமி குறிப்பிடுகிறார், 'பெரிப்புளூசு' என்னும் கடற்பயண நூலும் குறிப்பிடுகிறது.

கேட்கும்போதே நெஞ்சு நிமிர்கிறது. நிமிரட்டும்! ஆனால், அந்தக் கிரேக்க நூல் மற்றொன்றையும் சொல்லிவிட்டுப் போகிறது: அங்கே முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று. முத்து முடியில் ஏறிற்று. மூழ்கியவன் பெயர் எந்தக் கல்லிலும் ஏறவில்லை. தொன்மையைப் பாடும்போது, பாடத் தவறியவர்களையும் எண்ணிப் பார்ப்பதே பகுத்தறிவு.

கோயிலுக்கு வருவோம். நெல்லையப்பருக்கு ஒன்று, காந்திமதிக்கு ஒன்று என இரு பெருங்கோயில்கள். இரண்டையும் இணைக்கும் சங்கிலி மண்டபம், வடமலையப்ப பிள்ளை 1647 இல் எடுத்தது. தட்டினால் ஒலிக்கும் இசைத்தூண்கள், ஒரே கல்லிலே பல தண்டுகள், தண்டுக்கொரு ஒலி! எந்த அறிவியற் கூடத்தில் பயின்றான் அந்தச் சிற்பி? உளியைப் பிடித்த கையும், ஒலியைக் கேட்ட காதுமே அவனுக்குப் பள்ளி. கிருட்டிணாபுரத்துக் கற்சிலைகளிலே நரம்பும் நகமும் தெரிகின்றன. நாயக்கர் காலக் கலைத்திறன் கண்ணைப் பறிக்கிறது. கலையைப் போற்றுவதில் நமக்குத் தடையில்லை. ஆனால், கல் சுமந்தோரின் வழிவந்தோர் அனைவரும் தமிழகத்துக் கோயில்களில் தலைநிமிர்ந்து நுழைய, 1947 ஆம் ஆண்டுச் சென்னை மாகாண ஆலய நுழைவுச் சட்டம் வரையில் காத்திருக்க வேண்டியிருந்ததே! தூணிலே இசையை எழுப்பத் தெரிந்த சமுதாயத்துக்கு, மனிதனுக்குக் கதவைத் திறக்கத் தெரியவில்லையே! அந்த வெட்கத்தையும் சேர்த்துச் சொல்லுவதுதான் முழு வரலாறு.

கோயிலிலிருந்து கிழக்கே நடந்தால் ஆறு வரும். ஆற்றின்மேல் ஒரு பாலம் வரும். இந்தக் கட்டுரையின் நாயகன் அந்தப் பாலமே.

இக்கரை நெல்லை, அக்கரை பாளையங்கோட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டுக்கும் இடையே படகுதான் வழி. வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. படகுத்துறையிலே நெருக்கடி, கூச்சல், சண்டை. முந்திக்கொண்டவன் ஏறினான், முடியாதவன் கரையிலே நின்றான். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராகப் பணிபுரிந்த சுலோசன முதலியார் இதைக் கண்டார். செல்வம் படைத்தவர் அவர். அந்நாளிலே செல்வர்கள் என்ன செய்வார்கள்? கோபுரத்துக்குப் பொன் பூசுவார்கள். தேருக்கு வடம் வாங்குவார்கள். சத்திரம் கட்டி, அதிலும் குலம் பார்த்துச் சோறிடுவார்கள். இவரோ, தம் சொந்தப் பணத்திலே பாலம் கட்டினார்! பதினொரு வளைவுகள் கொண்ட அந்தப் பாலம் 1843 இல் திறக்கப்பட்டது.

கோயிலுக்குக் கொடுத்தவன் புண்ணியம் தேடினான் எனலாம். பாலத்துக்குக் கொடுத்தவன் மக்களைத் தேடினான். அந்தப் பாலத்திலே நடக்க நீறும் வேண்டியதில்லை, நூலும் வேண்டியதில்லை. நெல் மூட்டை சுமந்தவன் நடந்தான். நீதிமன்றத்துக்குப் போனவன் நடந்தான். பள்ளிக்குப் போகும் பிள்ளை நடந்தது. 180 ஆண்டுகளுக்கு மேலாகியும் நெல்லை மக்கள் அதன்மீது சென்றுகொண்டே இருக்கிறார்கள். இதைவிடச் சிறந்த சுற்றுலாக் காட்சி எது?

பாலத்தைக் கடந்தால் பாளையங்கோட்டை. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையைச் சிறைவைத்ததும், 1801 பெப்ரவரியில் அவன் தப்பிச் சென்றதும் இவ்வூர்க் கோட்டையிலிருந்துதான். வீரத்தின் கதை அது, நாடறியும். நாடு அதிகம் அறியாத கதை ஒன்று இருக்கிறது. தஞ்சையிலே கணவனை இழந்த மராட்டியப் பார்ப்பனப் பெண் ஒருத்தி. உடன்கட்டை என்னும் கொடுந்தீயிலிருந்து ஆங்கிலப் படையதிகாரி ஒருவரால் காப்பாற்றப்பட்டவள் என்பர். கிளாரிந்தா என்னும் பெயர் பூண்டு, பாளையங்கோட்டைக்கு வந்து, 1785 இல் ஒரு தேவாலயம் எழுப்பினாள். சாத்திரம் சாம்பலாக்கப் பார்த்த பெண், சரித்திரத்திலே இடம் பிடித்தாள்!

அந்த மண்ணிலே பின்னர்ப் பள்ளிகள் முளைத்தன. இரேனியசு 1820 இல் வந்தார். 1890 இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்குப் பள்ளி தொடங்கினார். 1897 இல் சுவைன்சன் அம்மையார் செவித்திறன் அற்றோர்க்குப் பள்ளி கண்டார். முற்பிறப்பின் வினை என்று மூலையிலே தள்ளப்பட்ட குழந்தைகள், எழுத்தைத் தொட்டுப் படித்தனர், விரலால் பேசினர். 1895 இல் பெண்களுக்கென்று சாரா தக்கர் கல்லூரி எழுந்தது. தெற்கே இடையன்குடியிலே 1841 முதல் வாழ்ந்த கால்டுவெல், திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்பதை நிறுவி 1856 இல் ஒப்பிலக்கணம் வெளியிட்டார். 1881 இல் இம்மாவட்டத்தின் வரலாற்றையும் எழுதினார். மதம் பரப்ப வந்தவர்தாமே இவர்கள் என்று கேட்கலாம். ஆம், அதற்காகவும்தான் வந்தார்கள். நாடார் மக்களைப் பற்றி 1849 இல் கால்டுவெல் எழுதிய நூல் அம்மக்களின் மனத்தைப் புண்படுத்தியதும் உண்மையே. குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், கல்வி என்னும் கதவைத் திறந்து வைத்தவர் யார், பூட்டி வைத்தவர் யார் என்ற கணக்கு எழுதப்பட்டே ஆகவேண்டும்.

இனி மேற்கே திரும்புவோம், சேரன்மாதேவிக்கு. ஆற்றங்கரையின் அழகிய ஊர். அங்கேதான் வ.வே.சு. அய்யர் தமிழ்க் குருகுலம் நடத்தினார். நாட்டுப்பற்று ஊட்டும் நிலையம் என்று அதற்குத் தமிழ்நாட்டுக் காங்கிரசு பணம் கொடுத்தது, ஐயாயிரம் ரூபாய்! பணத்துக்குச் சாதி இல்லை. பார்ப்பனரல்லாதார் கொடுத்ததும் அதிலே சேர்ந்தே இருந்தது. ஆனால் பந்திக்குச் சாதி இருந்தது. பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனியிடத்தில் சாப்பாடு. மற்றப் பிள்ளைகளுக்கு வேறிடத்தில். செய்தி வெளிவந்தது. பெரியார் கேட்டார், வரதராசலு நாயுடு கேட்டார்: விடுதலை பெறப்போகும் நாட்டிலே விருந்துக்கே வேலியா? 1925 ஆம் ஆண்டு முழுவதும் தமிழகம் கொந்தளித்தது. அதே ஆண்டு சூன் திங்களில், பாபநாசத்து அருவி நீரில் வீழ்ந்த தம் மகளைக் காக்க முனைந்து அய்யர் உயிர் நீத்தார். அந்தத் துயரத்தில் மகிழ எவருக்கும் மனம் வராது. அவர் ஒரு தந்தை, பேரறிஞர், தியாகி. அத்தகைய ஒருவரையும் சாதி வழக்கம் விட்டு வைக்கவில்லை என்பதுதான் பாடம். ஆண்டின் இறுதியில், நவம்பரில், காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறினார். தன்மான இயக்கத்தின் வித்துகளிலே ஒன்று, பொருநைக் கரையிலே பிரித்துப் போடப்பட்ட அந்த இலைகளில்தான் விழுந்தது!

ஆக, ஒரே ஆற்றின் கரையிலே இரண்டு நினைவுகள்: பாலம் ஒன்று, பந்தி ஒன்று. அது சேர்த்தது, இது பிரித்தது. எதன் வழியிலே நாம் வந்தோம்?

ஊரின் பொருள்வளத்தைப் பாருங்கள். எட்டு அணைக்கட்டுகள் நீரைப் பிரித்துக் கொடுக்க, நெல்லும் வாழையும் விளைகின்றன. பத்தமடையிலே கோரையைப் பட்டாக்கி நெய்கிறார்கள். நெய்வோரில் பெரும்பாலோர் முசுலிம் குடும்பத்தார். வீரவநல்லூரில் கைத்தறி; காருகுறிச்சியில் மண்பாண்டம்; அம்பாசமுத்திரத்தில் பிள்ளைகள் விளையாடும் மரச் சொப்புகள்; மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் திண்ணைதோறும் பீடி சுற்றும் பெண்கள். தெற்கே கூடங்குளத்தில் அணுமின், வடக்கே கங்கைகொண்டானில் கதிரொளி மின்கலத் தொழிற்சாலை. பல சாதியார், பல மதத்தார் கைகள் சேர்ந்ததே நெல்லையின் செல்வம். கோதுமைப் பாலும் சருக்கரையும் நெய்யும் சேர்ந்தால் அல்வா. கைகள் சேர்ந்தால் ஊர்!

மலைமேலும் கைகள் இருந்தன. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டனர். சிறைப்பட்ட தோழர்களின் விடுதலை கேட்டனர். 1999 சூலை 23 அன்று, அவர்களுக்காக ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் பேரணி வந்தது. தடியடி நடந்தது. ஆற்றிலே இறங்கிய மக்களில் பதினேழு பேர் பிணமாயினர். பெண்களும், கைக்குழந்தை ஒன்றும் அவர்களிலே இருந்தனர். அப்போது நடந்தது எவருடைய ஆட்சி? நம் கொள்கையைச் சொல்லி வந்தவர்களின் ஆட்சி. பிறர் ஆட்சியில் நடந்திருந்தால் எப்படிக் கேட்டிருப்போமோ, அப்படியே இதையும் கேட்க வேண்டும். இல்லையேல் நம் பகுத்தறிவு பாதி அறிவு. 2024 இல் தோட்டப் பணியும் நிறுத்தப்பட்டு, தலைமுறை தலைமுறையாய் அங்கு வாழ்ந்தோர் மலையிறங்கும் நிலை வந்தது.

மற்றொன்று, இதை ஓர் ஆசிரியன் என்ற முறையில் சொல்லியாக வேண்டும். 2023 ஆகத்து மாதம், இம்மாவட்டத்து நாங்குநேரியில், ஒடுக்கப்பட்ட குலத்து மாணவன் ஒருவனை உடன் பயின்ற மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். தடுத்த தங்கையும் வெட்டுண்டாள். அரசு, நீதியரசர் சந்துருவைக் கொண்டு ஆராய்ந்தது. மாணவர் கையிலே சாதி காட்டும் வண்ணக் கயிறு கூடாது என்று 2024 இல் அவர் அறிக்கை பரிந்துரைத்தது. கயிற்றின் வண்ணம் புதிது, நோய் பழையது. சேரன்மாதேவியில் இலை பிரிந்தது. இங்கே மணிக்கட்டுப் பிரிகிறது. வகுப்பறையின் பலகையிலே தமிழின் தொன்மையை எழுதுகிறோம். எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளையின் கையை உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்த்து, பேசி, அவிழ்க்கச் செய்வதும் பாடம் நடத்துவதன் ஒரு பகுதியே.

நெல்லை காண வருவோரே, வருக! கோயிலைக் காணுங்கள், அதைக் கட்டிய கைகளை எண்ணுங்கள். ஆதிச்சநல்லூரைக் காணுங்கள். பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியின் வாயிலில் ஒரு கணம் நில்லுங்கள். சேரன்மாதேவிக்குச் சென்று, ஓர் இயக்கம் எந்தச் சோற்றிலே பிறந்தது என்பதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கொக்கிரகுளத்துக் கரையிலே பதினேழு பேரை நினையுங்கள். பிறகு சுலோசன முதலியார் பாலத்தின்மேல் நடந்து செல்லுங்கள்.

உள்ளூர்த் தோழர்களே, நமக்கும் வேலை இருக்கிறது. வருகிறவருக்கு வழிகாட்டும்போது இந்த இடங்களையும் சேர்த்துக் காட்டுவோம். ஊரிலே ஒரு விருந்தென்றால், எல்லோரும் ஒரே வரிசையில் அமர்கிறார்களா என்று பார்ப்போம். பள்ளியிலே ஒரு பிள்ளை கயிறு கட்டி வந்தால், அதன் பொருளைக் கேட்போம். கல்லிலே பாலம் கட்ட ஒரு செல்வர் போதும்; மனங்களுக்கிடையே கட்ட எல்லோரும் வேண்டும்.